புது பைக்கின் முதல் ஆயில்: எப்போது வடிப்பது, எதை ஊற்றுவது

வண்டி வாங்கி 540 கிலோமீட்டர் ஓடியிருந்தது. முதல் சர்வீஸுக்கு விட்டபோது, ஆயிலை என் கண் முன்னால் வடிக்கச் சொல்லிக் கேட்டு நின்றேன். மெக்கானிக் கொஞ்சம் முகம் சுளித்தார், அப்புறம் ஒத்துக்கொண்டார். தட்டில் விழுந்த ஆயில் நான் நினைத்த மாதிரி கறுப்பாக இல்லை. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளி ஜரிகையை அரைத்துக் கலக்கியது போல மினுமினுத்தது. பதறிப்போய், "என்னண்ணே, புது வண்டியிலேயே எஞ்சின் தேயுதா?" என்றேன். "தேயணும் தம்பி. தேஞ்சாத்தான் செட் ஆகும். தேஞ்சது உள்ளேயே கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்னதை வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். புது எஞ்சினுக்கு எந்த பிராண்ட் ஆயில் நல்லது என்று கேட்கிறவர்கள் பலர். முதல் ஆயிலை எத்தனை கிலோமீட்டரில் வடித்தாய் என்று கேட்கிறவர் குறைவு. எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

எது தேய்கிறது

சிலிண்டரின் உள்சுவர் கண்ணாடி போல வழுவழுப்பாக இருக்கும் என்று தோன்றும். உண்மையில் தொழிற்சாலையிலேயே அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போடுகிறார்கள். ஹோனிங் என்பது அதுதான். அந்தக் கோடுகளின் பள்ளத்தில் ஆயில் தங்கும், மேட்டில் பிஸ்டன் ரிங் உரசும். முதல் சில நூறு கிலோமீட்டரில் அந்த மேடுகளின் கூர் மழுங்கி, ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. பொருந்திவிட்டால் கம்ப்ரெஷன் கசியாது, ஆயிலும் மேலே ஏறி எரியாது. மழுங்கிய அந்தக் கூர்தான் நான் பார்த்த மினுமினுப்பில் ஒரு பங்கு.

மீதிப் பங்கு கியர் பாக்ஸில் இருந்து வருகிறது. இங்கேதான் பைக் காரிலிருந்து வேறுபடுகிறது. காரில் எஞ்சினுக்கு ஓர் ஆயில், கியர் பாக்ஸுக்கு வேறு ஆயில். இன்றைய பைக்குகளில் அநேகமாக எல்லாவற்றிலும் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. புது கியர் பற்கள் ஒன்றோடொன்று உரசி உதிர்க்கும் தூள், கிளட்ச் தட்டுகளின் தூள், எஞ்சினைப் பூட்டும்போது மூட்டுகளில் தடவிய பசையின் துணுக்கு, எல்லாம் அந்த ஒரு லிட்டருக்கும் குறைவான அல்லது சற்றே கூடுதலான ஆயிலில் சேர்கின்றன. காரில் 3, 4 லிட்டர் ஆயில் இருக்கும், நல்ல பேப்பர் ஃபில்டரும் இருக்கும். பல 100 சிசி வண்டிகளில் பேப்பர் ஃபில்டரே கிடையாது. ஒரு வலைச்சல்லடையும், சுற்றும் வேகத்தில் அழுக்கை ஓரம் தள்ளும் ஒரு கிண்ணமும்தான். சல்லடையில் பெரிய துணுக்கு நிற்கும், பொடி நிற்காது.

அதனால் கார்க்காரர் சொல்லும் அறிவுரையை அப்படியே பைக்குக்கு எடுக்காதீர்கள். இன்றைய பல பெட்ரோல் கார்களுக்கு 1,000 கிலோமீட்டர் சர்வீஸ் வெறும் பரிசோதனைதான், ஆயில் மாற்றுவது 10,000 கிலோமீட்டரில். அது அவர்களுக்குச் சரி.

முதலில் கையேட்டைத் திறங்கள்

வண்டியோடு ஒரு கையேடு தருவார்கள். நம்மில் பலர் அதை ஆர்சி புத்தகத்தோடு பீரோவில் வைத்துவிடுவோம். அதை எடுத்து நான்கு விஷயங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்: ஆயிலின் கிரேடு (10டபிள்யூ-30 போன்ற எண்), ஏபிஐ தரம், ஜாசோ தரம், அளவு. அளவில் ஒரு சிக்கல் உண்டு. வடித்து மாற்றும்போது எவ்வளவு, ஃபில்டரும் மாற்றினால் எவ்வளவு, எஞ்சினையே பிரித்துப் பூட்டினால் எவ்வளவு என்று இரண்டு மூன்று எண்கள் இருக்கும். பிரித்துப் பூட்டும் அளவுதான் பெரியது. அதைப் பார்த்து ஊற்றினால் ஆயில் அதிகமாகிவிடும்.

டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பது

10டபிள்யூ-30 என்று எழுதியிருந்தால், முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி இருக்கும் என்பதைச் சொல்கிறது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் சுலபமாக ஓடும். 10டபிள்யூவுக்கு எஞ்சினைச் சுற்றும் சோதனையை மைனஸ் 25 டிகிரியில் செய்கிறார்கள், 20டபிள்யூவுக்கு மைனஸ் 15 டிகிரியில். மதுரையில் இருப்பவருக்கு இந்த எண் ஸ்டார்ட் ஆகுமா ஆகாதா என்ற கேள்வியே இல்லை. ஆனாலும் காலையில் முதல் கிக்கில், ஆயில் மேலே வால்வு வரைக்கும் போய்ச் சேர எடுக்கும் நேரத்தில் இளகிய ஆயிலுக்குக் கொஞ்சம் அனுகூலம் உண்டு.

பின்னால் உள்ள எண் 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. இந்த எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரு கம்பெனியின் கெட்டியான 30ம் இன்னொரு கம்பெனியின் இளகிய 40ம் கிட்டத்தட்ட பக்கத்து வீடுதான். ஆனால் 30க்கும் 50க்கும் இடையே பெரிய இடைவெளி. "நம்ம ஊரு வெயிலுக்கு கெட்டி ஆயில்தான் தாங்கும்" என்று சொல்லி, 10டபிள்யூ-30 கேட்கும் வண்டியில் 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே 25 டிகிரியோ 40 டிகிரியோ, ஓடும் எஞ்சினுக்குள் ஆயில் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கப்போகிறது. மேலும் இந்த வண்டிகள் இந்த ஊரில் ஓடத்தான் செய்யப்பட்டவை. ஓசூரிலும் ஒரகடத்திலும் எஞ்சினைச் செய்கிறவர்களுக்குச் சித்திரை வெயில் தெரியாதா என்ன? புது எஞ்சினில் இடைவெளிகள் இறுக்கமாக இருக்கும்போது கெட்டி ஆயில் ஊற்றினால் எஞ்சின் பாரமாகத் தெரியும், மைலேஜும் குறையும். 350 சிசி ராயல் என்ஃபீல்டு வண்டிகளுக்கு கம்பெனியே 15டபிள்யூ-50 சொல்கிறது, அதற்கு அதுதான் சரி. பக்கத்து வீட்டுப் புல்லட்டைப் பார்த்து உங்கள் 100 சிசி வண்டிக்கு முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

அடுத்து ஏபிஐ, அதாவது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரம். எஸ் என்று தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்கு, சி என்று தொடங்குவது டீசலுக்கு. எஸ்ஜே, எஸ்எல், எஸ்எம், எஸ்என், எஸ்பி என்று அடுத்த எழுத்து தள்ளிப் போகப் போகப் புதிய தரம். எஸ்எல் 2001ல் வந்தது, எஸ்என் 2010ல், எஸ்பி 2020ல். கையேடு எஸ்எல் கேட்டால் எஸ்என் ஊற்றலாம். ஆனால் பைக்கில் இது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்வி ஜாசோ. ஜப்பானியர் 1998ல் பைக் ஆயிலுக்கென்றே கொண்டுவந்த தரம் இது. எம்ஏ, எம்பி என்று இரண்டு வகை. கியர் வண்டிகளில் கிளட்ச் தட்டுகள் ஆயிலில் நனைந்தபடியே ஒன்றையொன்று பற்ற வேண்டும், அதற்கு எம்ஏ. ஸ்கூட்டரில் கிளட்ச் தனியாக உலர்ந்த இடத்தில் இருக்கிறது, அதற்கு எம்பி போதும். எம்ஏவையும் 2006ல் இரண்டாகப் பிரித்தார்கள். அதில் எம்ஏ2 தட்டுகளை இன்னும் நன்றாகப் பற்றவிடும்.

என் சித்தப்பா மகன் ஒருமுறை கார் சர்வீஸில் மிச்சமான ஆயிலைத் தன் 150 சிசி வண்டியில் ஊற்றினான். விலை கூடிய ஆயில், வீணாக்குவானேன் என்ற எண்ணம். ஒரு வாரத்தில் ஐந்தாவது கியரில் முறுக்கினால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. கார் ஆயிலில் மைலேஜுக்காக வழுக்கும் ரசாயனங்களைச் சேர்த்திருப்பார்கள். அது தட்டுகளில் படிந்து கிளட்ச் வழுக்கிவிட்டது. சரியான ஆயிலை அடுத்தடுத்து இரண்டு முறை மாற்றிய பிறகுதான் பழைய நிலைக்கு வந்தது. மிச்சம் பிடித்த பணம் எங்கே போனது என்று கேட்டால் இன்னும் கோபப்படுவான்.

ஆக, டப்பாவில் 4டி (ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கானது) என்றும், கையேடு சொன்ன கிரேடும், ஜாசோ எழுத்தும் இருந்தால் போதும். மற்ற அலங்கார வாசகங்களைத் தாண்டிப் போய்விடலாம்.

சிந்தெடிக் வேண்டுமா?

புது எஞ்சினில் ஃபுல்லி சிந்தெடிக், அதாவது ரசாயன முறையில் தயாரித்த ஆயில், ஊற்றினால் ரிங் செட் ஆகாது என்று ஒரு பேச்சு ஊரெங்கும் உண்டு. ரொம்ப வழுக்குமாம். செவ்ரோலே கார்வெட் 1992லிருந்தே தொழிற்சாலையில் சிந்தெடிக் ஆயிலோடுதான் வெளியே வருகிறது. அந்த எஞ்சின்களின் ரிங் எல்லாம் செட் ஆகத்தான் செய்தது. இன்றைய ஹோனிங் துல்லியத்துக்கு அந்தப் பயம் பொருந்தாது.

ஆனாலும் முதல் ஆயிலாக சிந்தெடிக் ஊற்றச் சொல்ல மாட்டேன், காரணம் வேறு. சிந்தெடிக்கின் பலம் நீண்ட நாள் தாங்குவது. முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஆயில் கெட்டுப்போவதற்காக நாம் மாற்றுவதில்லை, அதில் சேர்ந்த இரும்புத் தூளுக்காக மாற்றுகிறோம். சீக்கிரம் கொட்டப்போகும் ஆயிலுக்கு மூன்று மடங்கு விலை கொடுப்பானேன்? கையேடு சாதாரண மினரல் ஆயிலை (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது) அனுமதித்தால் முதல் இரண்டு முறை அதையே ஊற்றி, சீக்கிரம் மாற்றுங்கள். ஐந்தாறாயிரம் தாண்டிய பிறகு மனம் கேட்டால் சிந்தெடிக்குக்குப் போகலாம். கையேடே செமி சிந்தெடிக் அல்லது ஃபுல்லி சிந்தெடிக்தான் என்று கட்டாயமாகச் சொன்னால், பேச்சில்லை, அதுதான்.

எப்போது

கம்பெனிகள் முதல் சர்வீஸை 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் வைக்கின்றன. கூடவே 30, 45 அல்லது 60 நாள் என்று ஒரு கெடு இருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்கள் நாள் கெடுவைக் கோட்டைவிடுவது சகஜம். வாரன்ட்டி விஷயத்தில் அது பிறகு வம்பாகும்.

என் பழக்கம் இது. கம்பெனி 500 முதல் 750 என்று சொன்னால் 500ஐத் தாண்டிய வாரமே போய்விடுவேன். இலவச சர்வீஸில் வேலைக்கூலிதான் இலவசம், ஆயிலுக்கு நாம்தான் பணம் தருகிறோம் என்பதால் பயப்படாமல் கேட்டு வாங்கலாம். அடுத்த மாற்றம் 2,500ஐ ஒட்டி. கையேடு 5,000 அல்லது 6,000 வரை ஓடலாம் என்று சொன்னாலும், இந்த இரண்டாவது ஆயிலை மட்டும் பாதியில் வடித்துவிடுவேன். அதில் முதல் முறை போல ஜரிகை இருக்காது, ஆனாலும் லேசான மினுக்கு தெரியும். மூன்றாவதிலிருந்து கையேட்டின் கணக்கே போதும். ஆயுள் முழுக்க 1,500க்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருப்பது பணத்தைத் தரையில் ஊற்றுவதுதான்.

50 கிலோமீட்டரிலேயே முதல் ஆயிலை வடிக்கிறவர்களும் உண்டு. புது வண்டிக்கு அது அவசியம் என்று நான் நினைக்கவில்லை.

இடைப்பட்ட நாளில் எப்படி ஓட்டுவது என்பதையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். முழு த்ராட்டில் வேண்டாம், கனமான பாரம் வேண்டாம். அதற்காக 40லேயே ஒரே சீராக உருட்டிக்கொண்டும் போகாதீர்கள். வேகத்தை ஏற்றி இறக்கி, கியரை மாற்றி ஓட்டினால்தான் ரிங் சுவரோடு பொருந்தும். பெரிய கியரில் முக்கவிடுவது வேகமாக ஓட்டுவதைவிடக் கெடுதல்.

வீட்டில் மாற்றுவதாக இருந்தால்

இலவச சர்வீஸ் முடியும்வரை கம்பெனி சென்டரில்தான் செய்ய வேண்டும், வாரன்ட்டிக்கு அந்த பில்தான் சாட்சி. இடையில் நீங்களாக ஒருமுறை மாற்றினால், ஆயில் வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

வேண்டியவை: ட்ரெயின் போல்ட்டுக்கு (எஞ்சினின் அடியில் ஆயிலை வடிக்கும் போல்ட்) பொருந்தும் ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட், புது வாஷர், புனல், அளவு குவளை, ஒரு பழைய தட்டு, கொஞ்சம் பனியன் வேஸ்ட். ஓப்பன் ஸ்பேனரால் ட்ரெயின் போல்ட்டைத் தொடவே தொடாதீர்கள், தலை உருண்டுவிடும்.

வண்டியை ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். ஆயில் வெதுவெதுப்பானால் தூள் அடியில் தங்காமல் கலந்து வரும். சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, மேல் மூடியைத் திறந்து, கீழே தட்டை வைத்துப் போல்ட்டைக் கழற்றுங்கள். ஆயில் முதலில் நேராகக் கீழே விழாது, தள்ளித் தெறிக்கும். அதனால் தட்டைச் சற்று முன்னாலேயே வையுங்கள். நான் முதல் முறை திண்ணை முழுக்கக் கோலம் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். பத்து நிமிடம் வடியட்டும். சாவியை அணைத்த நிலையிலேயே கிக்கரை நான்கைந்து முறை மெல்ல மிதித்தால் மிச்சமும் வரும்.

வடிந்ததை வெள்ளை டப்பாவில் ஊற்றி வெயிலில் பாருங்கள். பொடியாக மினுமினுத்தால் சரி. ட்ரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதன் மேல் சாம்பல் நிறக் கூழ் ஒட்டியிருக்கும், அதுவும் சரி. விரலால் தனியே எடுக்கக்கூடிய செதில், ஊசி போன்ற துண்டு இருந்தால் படம் எடுத்து, அந்த ஆயிலையும் பத்திரப்படுத்தி, சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

சில மெக்கானிக்குகள் "உள்ளே சுத்தமாகட்டும்" என்று டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி எஞ்சினை ஓட விடுவார்கள். புது எஞ்சினில் அதைக் கட்டாயம் தடுத்துவிடுங்கள். பேரிங்கைக் காக்கும் ஆயில் படலத்தையே அது கரைத்துவிடும்.

ஃபில்டர் இருந்தால் அதையும் மாற்றுங்கள். எந்தப் பக்கம் உள்ளே போக வேண்டும் என்று பழையதைக் கழற்றும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டால் ஆயில் போகும் வழியே அடைபடலாம். மூடியின் ஓ ரிங்கில் (ரப்பர் வளையம்) கொஞ்சம் ஆயில் தடவுங்கள். சல்லடை உள்ள வண்டி என்றால் அதைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

போல்ட்டை முதலில் கையால் திருகுங்கள். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் நான்கைந்து சுற்றாவது கையிலேயே ஏற வேண்டும். எஞ்சின் உடல் அலுமினியம், போல்ட் இரும்பு. பலத்தைக் காட்டினால் தோற்பது அலுமினியம்தான், அப்புறம் லேத்துக்குப் போய்த் திரெட் போட வேண்டும். கையேட்டில் இறுக்க அளவு இருக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாதவர்கள் வாஷர் நசுங்கி உட்காருவதைக் கை உணர்ந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

புது ஆயிலைக் குவளையில் அளந்து, சொன்ன அளவுக்கு 50 மில்லி குறைவாக ஊற்றுங்கள். எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, அணைத்து, மறுபடி இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து டிப் ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு காட்டும் குச்சியைப் பாருங்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் அளவு பார்க்கும்போது குச்சியைத் திருகாமல் சும்மா நுழைத்துத்தான் பார்க்க வேண்டும். ராயல் என்ஃபீல்டில் பக்கவாட்டில் கண்ணாடி இருக்கும், அதற்கு வண்டி நேராக நிற்க வேண்டும். மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றால் அதுவே நல்ல அளவு. அதிகமானால் ஆயில் நுரைக்கும், மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய் நனைக்கும்.

ஸ்கூட்டர்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பின் சக்கரத்துப் பக்கம் 100 மில்லியை ஒட்டிய கியர் ஆயில் தனியாக இருக்கிறது. அதை எப்போது மாற்றுவது என்று கையேட்டில் தனி வரி உண்டு, சர்வீஸில் கேட்காவிட்டால் மறந்துவிடுவார்கள்.

சென்டரில் விடுவதாக இருந்தால்

என் இரண்டாவது சர்வீஸில் நான் ஊரில் இல்லை. பில்லில் ஒரு லிட்டர் ஆயில் இருந்தது. வீட்டுக்கு வந்து குச்சியை எடுத்துப் பார்த்தால் தார் மாதிரி. மாற்றவே இல்லை, குறைந்ததை மட்டும் நிரப்பியிருக்கிறார்கள். திரும்பப் போய்ச் சண்டை போட்டுத்தான் மாற்ற வைத்தேன். அன்றிலிருந்து விடுவதற்கு முன்பும் எடுத்த பின்பும் டிப் ஸ்டிக்கைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்துப் படம் எடுத்துக்கொள்கிறேன். புது ஆயில் என்றால் வடித்த பின் மிச்சமிருந்த பழையது கலந்தாலும் தேன் நிறம் தெரியும்.

வெளியே ஆயில் வாங்கினால் மூடிக்குக் கீழே உள்ள சீல் கலையாமல் இருக்கிறதா என்று பாருங்கள், பில் வாங்குங்கள். போலி ஆயில் விற்பவர்களுக்குக் காலி டப்பாதான் மூலதனம். காலியானதும் கத்தியால் கீறிவிட்டுப் போடுங்கள்.

போர் போட்ட எஞ்சின்

நம் ஊரில் புது எஞ்சின் என்றால் பாதிப் பேருக்கு இதுதான். பழைய வண்டியின் தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கடைந்து அகலமாக்கி, அதாவது போர் போட்டு, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் மாற்றியிருப்பார்கள். இங்கே மட்டும் என் கணக்கு மாறும். லேத்துப் பட்டறையின் ஹோனிங் தொழிற்சாலை அளவுக்கு நேர்த்தியாக இராது, ஹோனிங் கல்லின் பொடியும் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். பூட்டுவதற்கு முன் சிலிண்டரைப் பெட்ரோலில் அலசினால் மட்டும் போதாது. சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கறுக்காத வரை கழுவ வேண்டும், உடனே ஆயில் தடவ வேண்டும். மெக்கானிக்கிடம் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை, கேளுங்கள்.

முதல் ஆயிலை 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வடித்துவிடுங்கள். அடுத்தது 500ல், அதற்கடுத்தது 1,500ல். மூன்றுக்கும் கையேட்டில் உள்ள கிரேடிலேயே விலை குறைந்த நல்ல மினரல் ஆயில் போதும். மூன்றாவது முறையும் ஜரிகை குறையாமல் வந்தாலோ, சைலன்சரில் நீலப் புகை நிற்காவிட்டாலோ, ஆயிலை மாற்றிப் பயனில்லை. சிலிண்டரை மறுபடி பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

வடித்த ஆயில்

சாக்கடையில் ஊற்றாதீர்கள், செடிக்குப் பக்கத்திலும் வேண்டாம். கதவு, கட்டில், கரையான் என்று பழைய ஆயிலுக்கு வீட்டில் ஆயிரம் வேலை சொல்வார்கள். தோலில் அடிக்கடி படுவது நல்லதல்ல, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் கழிவு ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. காலியான தண்ணீர் கேனில் சேர்த்து வைத்து, பேரல் வைத்திருக்கும் மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுவதுதான் எனக்குத் தெரிந்த சுலபமான வழி. அதை எடுத்துப் போகச் சுத்திகரிப்பு ஆலைக்கு ஆள் வருகிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, சீட்டுக்கு அடியில் ஒட்டி வையுங்கள். மறுநாள் காலை வண்டி நின்ற இடத்தில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, குச்சியை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.